லாபம் காட்டிய அறை

தையல் கம்பெனியில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருந்தது. சட்டைக்குக் காலர் வைப்பவளின் மகளுக்கு அங்கே வாயாடி என்று பெயர். மூன்று வயதுதான். இருபது வரை எண்ணுவாள். டீச்சர் எண்ணினால், "நீங்க தப்பா எண்ணுறீங்க" என்று குற்றமும் சொல்வாள்.

புது மேனேஜர் வந்த வாரமே அந்த அறையைப் பூட்டினார். இரண்டு டீச்சருக்குச் சம்பளம், பால், பொம்மை எல்லாம் செலவு; வரவு ஒரு பைசா இல்லை. மகராசனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அறையில் துணி மூட்டைகள் ஏறின.

காலர்காரி என்ன செய்வாள்? புருஷன் லாரியோடு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். வீடோ மூன்றாம் மாடி, படிக்குக் கைப்பிடி கிடையாது. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. கடைசியில் பழைய துணியைக் கிழித்து, பிள்ளையின் ஒரு காலைக் கட்டிலோடு கட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். முதல் வாரம் அழுகை தெருமுனை வரை கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. அழுகையைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போனாள், வேறு வழியில்லை.

எட்டு மாதத்தில் கைதேர்ந்த பெண்கள் பதினான்கு பேர் நின்றுவிட்டார்கள். புது ஆட்கள் தைத்ததில் பாதி திரும்பி வந்தது. மேனேஜர் மறுபடி கணக்குப் போட்டார். அறையை நடத்துவதைவிட மூடியதில்தான் செலவு அதிகம் என்று, என்னமோ தாமே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார். அறை திறந்தது. பார்த்துப் பாராட்டப் பெரிய மனிதர்களும் வந்தார்கள்.

காலர்காரி மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"வாடி வாயாடி! இத்தனை நாளா எங்கடி போயிருந்த?" என்றாள் டீச்சர்.

பிள்ளை வாய் திறக்கவில்லை. நேரே போய் மேசைக்காலை ஒட்டி உட்கார்ந்து, ஒரு காலை மட்டும் நீட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

"என்னக்கா பண்றா இவ?"

காலர்காரி, "கட்டுவேன்னு காத்திருக்கா" என்றாள்.

அதற்குள் மேனேஜர் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார். மற்ற பிள்ளைகள் கத்திக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அவர் குனிந்து வாயாடியின் தலையைத் தடவினார்.

"பாருங்க, என்ன சமத்து! எல்லாம் இப்படி இருந்துட்டா ஒரு டீச்சரே போதுமே."