வாய்தா வேண்டாம்

வேலையில் சேர்ந்த இரண்டாம் நாளே என்னைக் கோர்ட்டுக்குத் துரத்திவிட்டார்கள். எங்கள் இலவச சட்ட உதவி அலுவலகத்தில் வக்கீல்கள் தங்குவதில்லை. கேஸ் கட்டுகள் கழுத்து வரைக்கும் ஏறும், ஆள் ஓடிவிடுவார். எனக்கு முன்னால் ஓடியவர் தமிழரசு. அவருடைய கட்டுகள் மொத்தமும் இப்போது என் தலையில்.

"போய் வாய்தா மட்டும் வாங்கிட்டு வாம்மா அனுசுயா. புது வக்கீல், கட்டு படிக்கணும்னு சொன்னா ஜட்ஜ் தேதி கொடுத்துடுவார். இங்க எல்லாரும் முதல் நாள் அப்படித்தான்" என்றார் தலைமை வக்கீல் ஜெயராமன்.

குத்தம்பாக்கத்தில் பைக்கில் வந்து கலைவாணி என்பவரின் செயினை அறுத்ததாக கிஷோர் என்ற பையன் மேல் கேஸ். ஜாமீனுக்கு நிற்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கிறான். கோர்ட் வாசலில் அவன் அம்மா நாகவல்லி என்னை மடக்கினாள்.

"நீதான் புச்சா வந்த வக்கீலா? நீயும் வாய்தாதான வாங்கப் போற? தபா தபா கம்பெனிக்கு லீவு போட்டுகினு வர்றேன், தபா தபா ஒரு புது மூஞ்சி. எம் புள்ள ஊட்டுக்கு வருவானா, மாட்டானா?"

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அவள்மேல் இல்லை, எங்கள்மேல்.

கேஸைக் கூப்பிட்டார்கள். ஜட்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புது வக்கீலா? தேதி வேணுமா?"

"வேண்டாங்கய்யா. நான் ரெடி."

சொல்லிவிட்டேனே தவிர, கட்டை முழுசாகப் படித்திருக்கவில்லை. காலையில் திருவேற்காட்டு வீட்டிலிருந்து ஷேர் வேனில் குலுங்கிக்கொண்டே புரட்டியதுதான் நான் படித்த லட்சணம். அரசு வக்கீல் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு கலைவாணியைக் கூண்டில் ஏற்றினார். கிஷோரைக் காட்டி, "உங்க செயினை அறுத்தது இவன்தானே?" என்றார்.

"இவன் இல்லீங்க."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா பாத்து சொல்லும்மா."

"நல்லாத்தான் பாத்தேன், சாமி. அந்தாளுக்கு நாப்பது வயசு இருக்கும், மொட்டத் தல. போலீஸ்கிட்டயும் சொன்னேன், கோர்ட்ல வந்து சொல்லுன்னாங்க. இத்த சொல்றதுக்குத்தான் நானும் வந்துகினே கீறேன், ஒருத்தரும் கூண்டுல ஏத்தல. பையனோட வக்கீலு புச்சு, வாய்தா கேக்கறாரு, அப்பால வான்னு அனுப்பிச்சிடறாங்க."

பையனோட வக்கீல் என்றால் நாங்கள்தான். குதிக்க வேண்டும்போலவும் இருந்தது, கன்னத்தில் அறை வாங்கியதுபோலவும் இருந்தது.

"குறுக்கு விசாரணை உண்டா?" என்றார் ஜட்ஜ்.

"ஒரு கேள்வியும் இல்லீங்கய்யா. பையனுக்கு ஜாமீன் மட்டும் கொடுங்க."

ஜாமீனுக்கு வேறு ஆள் கேட்காமல் அவனுடைய சொந்த ஜாமீனிலேயே விடச் சொல்லி, தீர்ப்புக்குத் தேதி போட்டார். கோர்ட் வளாகத்திலேயே இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஓடினேன். கோட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாகவல்லியும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"சார், சாட்சி ஒவ்வொரு தடவையும் வந்திருக்காங்க சார்! இவன் இல்லன்னு சொல்ல வந்தவங்களை வாய்தா வாங்கித் திருப்பி அனுப்பினது நாமதான்! மத்த கட்டுல எத்தனை பேர் இப்படித் திரும்பிப் போனாங்களோ?"

ஜெயராமன் எழுந்து, என் மேஜையிலிருந்த கட்டுகளில் பாதியை வாரித் தன் மேஜைமேல் போட்டார். "இதை நான் பாக்கறேன். புது வக்கீல் சேர்ந்தா முதல்ல படிக்கட்டும், அதுவரைக்கும் அந்தக் கேஸுக்கு நான் போறேன். ஆள் கொடுக்கற வரைக்கும் புதுக் கட்டு வேண்டாம்னு மேலிடத்துக்கும் சொல்லிடறேன்." சொன்ன கையோடு போனை எடுத்தார். எனக்கு விசில் அடிக்கலாம்போல இருந்தது.

"சாயங்காலம் பையன் வந்துடுவான்மா" என்று நாகவல்லியிடம் கத்தியே சொன்னேன்.

அவள் சிரித்தாள், அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தீர்ப்பு சொல்ற அன்னிக்கு, கண்ணு, நீதான வருவ?"

"நான்தான்மா வருவேன்."

மகன் வருவதை உடனே நம்பிவிட்டாள். இதைத்தான் நம்ப முடியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.