மருதனார்மடத்தில் ஒரு சுவீடன் ஏணி

என் தம்பி கதிரவேலு சுவீடனில் யன்னல் துடைக்கிறான். மாடிக் கட்டடங்களின் கண்ணாடி யன்னல்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. அம்மாதான் ஊரெல்லாம், "மோனுக்குக் கண்ணாடிக் கொம்பனியிலை உத்தியோகம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பி பேசி அனுப்பும் கசெட்டைக்கூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போடுவார். நான் வாய் திறக்கக் கூடாதென்று, என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியமும் வாங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாயின் தலையில் செய்த சத்தியம், என்ன செய்வது?

நான் மட்டும் என்ன உத்தியோகமாம்? புதுவீடு கட்டி முடிந்தால் தரையிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் கிடக்கும் சீமெந்தையும் பெயின்ற்றையும் சுரண்டிக் கழுவிக் கொடுக்கிறவள். இணுவிலிலிருந்து சுன்னாகம் வரைக்கும், பாலேஸ்வரி கழுவின வீடென்றால் நிலத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். உயரத்து யன்னல்கள் மட்டும் என் கைக்கு வராது. அவை தியாகராசா அண்ணைக்குத்தான் போகும். அவரிடம் ஒரு பனைமர ஏணி இருந்தது. இரண்டு பேர் தோள் கொடுத்தால்தான் அது இடத்தை விட்டு அசையும்.

எண்பத்தாறாம் ஆண்டு தம்பி எனக்கென்று ஒரு ஏணி அனுப்பினான். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன லொறி திரும்பி வரும்போது கொண்டுவந்து இறக்கியது. பிரித்துப் பார்த்தால் சூட்கேஸ் அளவுதான். அலுமினியம், குழாய்க்குள் குழாய். மேற்படியைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு படியாக எழும்பும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் உள்ள துளைகளில் 'டக்' என்று பூட்டு விழும். எல்லாப் பூட்டும் விழுந்தால் எங்கள் வீட்டு முருங்கை உச்சிக்கு எட்டும். வேலை முடிய, குமிழை அமத்தி மடக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகலாம். நான் அன்றைக்கே அதைக் கட்டிக்கொண்டு, ஒரு அலுவலும் இல்லாமல் மருதனார்மடம் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பெருமைதான், இல்லையென்று ஏன் சொல்ல?

கசெட்டில் தம்பி சொல்லியிருந்தான்: "அக்கா, கண்ணாடியிலை சாத்தாதை, சுவரிலை சாத்து. வழுக்கிற நிலமெண்டால் அடியிலை ஒராள் பிடிக்கவேணும். ரெண்டு பக்கமும் டக் எண்டு கேக்காமல் காலை வைச்சிடாதை."

அப்போது சந்திக்குப் பக்கத்தில் இராசநாயகம் முதலாளி புதுக் கலியாண மண்டபம் ஒன்று கட்டி முடித்திருந்தார். முன்பக்கம் முழுக்க உயரக் கண்ணாடி யன்னல். உள்தரை கழுவும் வேலை எனக்கு வந்தது. யன்னலும் எனக்குத்தான் வேண்டும் என்று ஏணியோடு போய் நின்றேன்.

முதலாளி என் ஏணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உது யன்னல் வேலைக்குச் சரிவருமோ பிள்ளை? குடைக்கம்பி மாதிரிக் கிடக்கு. சரி, விசயதசமி நல்ல நாள். தியாகராசாவும் வரட்டும். நீ ஒரு யன்னல் துடைச்சுக் காட்டு, பாப்பம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, உந்த ஏணியாலை நான் வேலையை முடிச்சுக் காட்டினால், தம்பி செய்யிற தொழிலை நீங்கள் வாயாலை சொல்லவேணும்."

"ஊர் சிரிச்சுதெண்டால்?"

"சிரிச்சால் அதோடை நான் அந்தக் கதையே எடுக்கமாட்டன்."

அம்மா அந்த முறை ஆயுதபூசைக்கு அந்த ஏணியைத்தான் நடுவில் வைத்தார். மண்வெட்டிக்கும் கத்திக்கும் என் சுரண்டிக்கும் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு. மகன் அனுப்பிய ஏணிக்கோ, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு பொட்டு, அதுவும் குழைத்துத் தாராளமாக, மேலே குங்குமம். வடிவாய்த்தான் இருந்தது. நானும் கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் மேசன்மார், பெயின்ற் அடிக்கிறவர்கள், கோயிலுக்கு வந்த சனம் என்று மண்டப வாசலில் ஒரே கூட்டம். ஏணியில் ஏறவேணுமே என்று சீலைக்குள் என் மனுசனின் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் போய் நின்றதற்கே பாதிப் பேர் வாயைப் பொத்தினார்கள். சிரிக்கட்டும் என்று மேற்படியைப் பிடித்து இழுத்தேன். சத்தமில்லை. அடுத்த படி. ஒரு பக்கம் மட்டும் 'டக்'. அடுத்ததை இழுக்க, மேலே போனது சறுக்கிக்கொண்டு இறங்கி என் விரலை நசுக்கியது. ஐயோ அம்மா! இரத்தம். சந்தனம் இராவோடிராவாகச் சீமெந்து மாதிரிக் காய்ந்து பூட்டுத் துளைகளை அடைத்துவிட்டிருந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குடைக்கம்பியெண்டு நான் சொன்னனான்" என்றார் முதலாளி.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பூட்டு விழுந்தமட்டும் போதும், ஏறுவோம் என்று காலை முதற்படியில் வைத்துவிட்டேன். தியாகராசா அண்ணைதான், "பிள்ளை, விசர் வேலை பாக்காதை, ஏறாதை" என்று பதறினார். இரண்டு பக்கமும் என்று தம்பி சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இத்தனை பேருக்கு முன்னால் அந்தக் காலைக் கீழே எடுப்பதைப்போல என் வாழ்க்கையில் கசப்பான வேலை வேறொன்றும் நான் செய்ததில்லை. எடுத்தேன். சுடுதண்ணீர் கேட்டேன்.

கூட்டத்தில் நின்ற அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தார். "எடியே, பூசையிலை வைச்ச சந்தனத்தை விசயதசமியிலை கழுவுறியோ? மோனுக்கு ஏதும் ஆகிப்போனால்?"

"நான் விழுந்து காலை முறிச்சால் அவனுக்கு நல்லதோ? அவன்ரை ஏணி அக்காவை விழுத்திப்போட்டுது எண்டு கேட்டால் அவன் அங்கை சோறு தின்னுவானோ அம்மா?"

அம்மா என் கையை விட்டுவிட்டு நிலத்தில் குந்தி, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தான் வைத்த சந்தனத்தைத் தானே துளை துளையாக நோண்டி எடுத்தார். "மன்னிச்சுக்கொள்ளு தாயே" என்று ஒவ்வொரு துளைக்கும் ஒருமுறை முணுமுணுத்தார். நான் சுடுதண்ணீர் ஊற்றினேன்.

இரண்டாம் முறை இழுத்தேன். டக், டக். அடுத்தது. டக், டக். சிரித்த சனம் இப்போது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றது. மேலே வரைக்கும் ஒரு பூட்டுப் பாக்கியில்லை. கண்ணாடியை விட்டுச் சுவரில் சாத்தி, புதுத்தரை வழுக்கும் என்று அடியில் நனைத்த சாக்கைப் போட்டேன். யாரையாவது பிடிக்கச் சொல்வதற்குள் அம்மா வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஏணியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

ஏறினேன். நடுவில் ஏணி கொஞ்சம் வளைந்து கொடுத்தது, ஒருகணம் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. மேலே போனதும் அதெல்லாம் மறந்துவிட்டது. சவர்க்காரத் தண்ணீர் அடித்து, பிளேட்டால் பெயின்ற்றைச் சுரண்டி, தேசிக்காயை வெட்டிப் பிழிந்து அந்தப் புளியைத் தேய்த்து, பழைய பேப்பரால் துடைத்தேன். கைக்கு எட்டாத இடத்துக்கு எக்கவில்லை. இறங்கி, ஏணியை நகர்த்தி, திரும்ப ஏறினேன். தியாகராசா அண்ணையின் ஏணியை நகர்த்த ஆள் தேடும் நேரத்துக்குள் நான் அந்த யன்னலை முடித்து அடுத்ததிலும் கை வைத்துவிட்டேன். கண்ணாடியில் கோயில் கோபுரம் அப்படியே தெரிந்தது.

முதலாளி கிட்ட வந்து அண்ணாந்து பார்த்தார். "கெட்டிக்காரிதான்! முழு யன்னலும் நீயே செய். உது ஆர் பழக்கின வேலை?"

எனக்கு நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சத்தியத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன்.

"அவளின்ரை தம்பி" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அம்மா ஏணியை விடாமல் தலையை மட்டும் நிமிர்த்தியிருந்தார். "என்ரை மோன். சுவீடனிலை யன்னல் துடைக்கிறான். உதுதான் அவன்ரை உத்தியோகம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "ஆரெணை, எங்கடை கதிரவேலுவோ? எனக்கும் இப்பிடி ஒண்டு அனுப்புவானோ?" என்றார் தியாகராசா அண்ணை.

எனக்குக் கண் நிறைந்து யன்னலே தெரியவில்லை. மேலே நின்றபடி, "அம்மா, இன்னொருக்காச் சொல்லணை!" என்று கத்தினேன்.

அம்மா சொன்னார், சந்தைக்குக் கேட்கிற மாதிரி.