மலைப் பக்கத்துப் பானை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, சமையல் குறிப்பாகப் பிறந்தது. ஒரு வார இதழின் வசந்தச் சிறப்பிதழுக்குக் குளிர்பானங்கள் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மலையடிவாரத்தில், செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு எதிரே வாடகைக்கு இருந்த டோரதி என்ற இங்கிலாந்துக்காரரைப் போய்க் கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்ன எல்லாப் பானங்களிலும் ஜின் இருந்தது. அது எழுபத்தேழாம் வருஷம், மாநிலம் முழுக்க மதுவிலக்கு. வெளிநாட்டவர் என்பதால் டோரதியிடம் பர்மிட் இருந்தது, பத்திரிகை ஆசிரியரிடம் இல்லை. ஜின்னுக்குப் பதில் இளநீர் என்று போட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார் மனுஷர். கடைசியில் போடாமலே விட்டார்.

இப்போது எண்பத்து மூன்று. கடைகளைத் திறந்துவிட்டார்கள், அந்தக் குறிப்புகளைத் தாராளமாக எழுதலாம். எழுத உட்கார்ந்தால், டோரதி போகிறபோக்கில் சொன்ன ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. எல்லாம் சமையல்காரி கஸ்தூரி கலந்து வைப்பதுதான், ஒரு நாளும் அவள் ருசி பார்த்ததில்லை என்றார். கஸ்தூரியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆகவே இனி வருவதில் பெரும்பாலும் புளுகு.

2

வசந்தத்துக்கு ஏற்ற முதல் பானம்: எலுமிச்சம்பழம் இரண்டு, புதினா ஒரு கைப்பிடி, ஜின் —

(நிற்க. வசந்தம் என்றால் டோரதியின் ஊரில் பனி உருகி, தோட்டத்தில் பூப் பூக்குமாம். நம் ஊரில் கோயிலில் வசந்த உற்சவம் நடப்பது சித்திரையில். மண்டை பிளக்கும். 'புத்துணர்ச்சி' என்று அவர் சொன்ன இடத்திலெல்லாம் 'உயிர் பிழைத்தல்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும்.)

3

கஸ்தூரி ஓர் அபலை —

[வேண்டாம். அபலையாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.]

கஸ்தூரியின் இடது கை முழுதாக நீளாது. ஆம், இப்படித் தொடங்கலாம். அவள் புருஷன் வேணு ஜட்கா ஓட்டுகிறவன். குடித்துவிட்டு ஓட்டி, வண்டியை மதகில் கவிழ்த்தபோது முறிந்த கை அது. அவள் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய அன்றே வேணு கோயிலுக்குப் போனான். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி என் நாக்கில் படாது என்று சத்தியம் செய்தான்.

அரசாங்கம் கடையை மூடியதால் அவன் திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். கடையை மூடிய பிறகுதான் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிறவர்கள் வீட்டுக் கதவுகள் திறந்தன. அந்தக் கதவுகளையெல்லாம் தாண்டித்தான் அவன் தினமும் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தான். இருந்தும் கஸ்தூரிக்கு நம்பிக்கை போதவில்லை. சாயங்காலம் அவன் வாசல்படி ஏறும்போது மூச்சை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். அவனும் அதற்காக ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவான். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம் தவறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். தெரியாமல் தவறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

4

டோரதி வீட்டில் கஸ்தூரி சமையல் செய்தாள். மத்தியானத்துக்கு இரண்டு பானைகளில் பானகம் போடுவாள். வெல்லம், எலுமிச்சை, புதினா, நன்னாரி. இரண்டிலும் ஒரே சரக்கு, ஒரே அளவு. அவற்றைச் சமையலறை மூலையில் ஈர மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைப்பாள். மலைப் பக்கத்துப் பானை* டோரதிக்கும் அவருடைய மாடியில் கூடும் சிநேகிதர்களுக்கும். அதில் டோரதியே வந்து ஜின் ஊற்றிக்கொள்வார், பாட்டிலைக் கஸ்தூரி தொடமாட்டாள். கிணற்றுப் பக்கத்துப் பானை வேணுவுக்கு. சவாரி இறக்கிவிட்டு, பின்வாசல் வழியாக வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவான்.

* இந்த ஊரில் இடது, வலது எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. மேசைமேல் கிடக்கும் மூக்குக்கண்ணாடிகூட ஒன்று மலைப் பக்கம் இருக்கும், இல்லாவிட்டால் வேறு பக்கம் இருக்கும். அடையாளத்துக்குப் பானையில் ஒரு நூல் கட்டக் கூடாதா என்று வாசகர் கேட்கலாம். மலை இருக்கும்போது நூல் எதற்கு?

ருசி பார்ப்பதில்லை என்றேனே, அது இதுதான். சாமிக்குப் படைக்கிற பொங்கலை முன்னால் வாயில் வைத்தால் எச்சில். கஸ்தூரி இந்த விதியை ரசத்துக்கும் பானகத்துக்கும் நீட்டித்துவிட்டாள். மூக்காலேயே சமைத்துவிடுவாள். மற்ற வாசனையை அமுக்கிவிடும் நன்னாரி போட்ட பானைக்கு முன்னால் மட்டும் மூக்கும் உதவாது.

5

அன்று கஸ்தூரி கிணற்றடியில் இருந்தாள். டோரதி வந்து ஜின்னை ஊற்றினார். ஊற்றி முடித்தபோது ஜன்னல் வழியாகப் பானைகள்மேல் வெயில் விழுவதைப் பார்த்தார். பாவம், நல்ல மனசு. இரண்டையும் தூக்கி எதிர் மூலையில் நிழலில் வைத்தார். மலைக்காகவே கடல் தாண்டி வந்தவர், பானையை இறக்கும்போது மலை எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

கஸ்தூரி உள்ளே வந்தாள். பானைகள் நிழலில் இருந்தன. மணலோடு தானே நகர்த்தி வைத்தாளோ என்றுகூட அவளுக்கு ஒரு நினைப்பு. பின்வாசலில் வேணு நின்றான். வழக்கம்போலக் கிணற்றுப் பக்கத்துப் பானையில் மொண்டு கொடுத்தாள்.

ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னொரு டம்ளர் குடு" என்றான்.

அதையும் குடித்தான். எப்போதும் போட்டதைப் போட்டபடி போகிறவன், அன்று டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு பானையில் மீதி இருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிரையின் வாளியில் ஊற்றிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பானைகளை நகர்த்தி வைத்தது தான்தான் என்று டோரதி அன்றே பிற்பாடு கஸ்தூரியிடம் சொன்னார். எந்தப் பானையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். டோரதிக்கு நினைவில்லை. மாடிக்குப் போன பானகத்தில் ஜின் இருந்ததா என்று கேட்டாள். கம்மியாக இருந்தது, அதனால் டம்ளரிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டோம் என்றார். கம்மியா, இல்லவே இல்லையா? டோரதி யோசித்தார். தனக்கு எப்போதுமே கம்மியாகத்தான் தோன்றும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

6

இரண்டாவது பானம்: பிஞ்சு வெள்ளரிக்காயை மெல்லிசாக —

[எனக்கு இப்போது வெள்ளரிக்காயில் மனம் போகவில்லை.]

அந்த டம்ளரில் ஜின் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் வாயிலேயே வேணுவுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்துதான் இரண்டாவது டம்ளர் கேட்டிருக்கிறான். பிறகு ஏன் மீதியைக் குதிரைக்கு ஊற்றினான்? மூன்றாவது டம்ளருக்குப் பயந்தா? இல்லை என்று வைத்துக்கொண்டால் வெறும் வெயில், வெறும் தாகம், குதிரைக்கும் வெல்லத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் டம்ளரை ஏன் கழுவினான்? நான்தான் எழுதினேன். எனக்கே தெரியவில்லை.

பானையில் ஒரு வாய் மிச்சம் இருந்திருந்தாலும் கஸ்தூரிக்குப் பயனில்லை. விதியை உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாலும், சாராயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டில் அந்த ருசி தெரிந்த ஒரே ஆள் வேணுதான். அவனைக் கேட்டால், நான்தான் உங்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன் என்று சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால் இருக்கிற நாளெல்லாம் இது நெஞ்சில் கிடக்கும்.

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வேணு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், நான் பாவி — [இவன் அழுகிறவன் இல்லை. எனக்கு வேண்டுமானால் அழுகை வருகிறது.]

மறுநாள் குதிரை நடுரோட்டில் படுத்துக்கொண்டு — [உங்களுக்குச் சிரிப்பு வரும். கஸ்தூரிக்கு வராது.]

கஸ்தூரி கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டாள் — [அவர் ஒரு பரிகாரம் சொல்லிவிடுவார். கதை கெட்டுவிடும்.]

7

அன்று சாயங்காலம் வேணு வந்தான். வாசல்படியில் வழக்கம்போல ஒரு கணம் நின்றான். கஸ்தூரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை. பயம். தன் கையாலேயே கெடுத்தோமே என்ற பயம். ஆனால் படியில் நின்றவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? நான் அவன் பக்கம் போகவில்லை, கதை அவளோடு உட்கார்ந்திருக்கிறது. அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் டோரதி ஜின் ஊற்றியபோது கஸ்தூரி கூடவே நின்று பார்த்தாள். அவர் மாடிக்குப் போனதும் இரண்டு பானைகளையும் அவளே, மலைப் பக்கம் எது, கிணற்றுப் பக்கம் எது என்று தெரியாதபடி, முன்னும் பின்னுமாக வைத்தாள். வேணு வந்து கை நீட்டினான். அவள் மொண்டு கொடுக்கவில்லை.

"ஒரு பானையில அந்தம்மா சாராயம் ஊத்தி வச்சிருக்கு. நேத்தும் ஊத்தியிருந்துச்சு. நேத்து எதுலேர்ந்து குடுத்தேன்னு எனக்குத் தெரியல."

வேணு நீட்டிய கையை இறக்கினான். வெளியே குதிரை காலை மாற்றி வைத்தது.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"சொல்லாதீங்க."

டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே மொண்டுக்குங்க."

சொல்லிவிட்டுப் பின்வாசலைத் தாண்டி வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சரியாக நீளாத அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். வெயில் கொளுத்தியது. நானும் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். உள்ளே மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது. கொஞ்சம் அமைதி. பானகம் மொள்ளுகிற சத்தம். அவள் திரும்பவில்லை. எழுதுகிறவன் என்ற உரிமை எனக்கு இருந்தும் நானும் திரும்பப்போவதில்லை.

உங்கள் முகம் மட்டும்தான் சமையலறைப் பக்கம் இருக்கிறது. எதைப் பார்த்திருந்தாலும் அவளிடம் சொல்லாதீர்கள்.