களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு பிளவு

ஜகபர் அலி செத்த பிறகும் நாங்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

ஆட்டம் என்றால் சீட்டாட்டம் இல்லை. எண்பத்தைந்தில் பாண்டிச்சேரி பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது, பாதிப் பக்கம் கிழிந்தது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ தங்களை வைத்துக்கொண்டு, வாயாலேயே ஒரு கோட்டைக்குள் நுழைய வேண்டும். ஒருவன் மட்டும் ஆட மாட்டான். கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவன்தான் சொல்வான். புத்தகத்தில் அவனுக்கு மாஸ்டர் என்று பெயர். அந்த ஒருவன் நான், பாண்டுரங்கன். செஞ்சியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவன். ஏற்கெனவே எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், பட்டம் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் கேட்ட இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை டைப் அடித்துச் சுருட்டிய சீட்டுகளைப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். பெரிய எண் வந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்ஸ்டிட்யூட்டில் ஆட்டம். கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஜகபர் அலி, அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வரும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் தங்கராசு, பயிர் வைக்கும் வீராசாமி. மூன்று பேருமே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சு. சீமைக் கோட்டை எதற்கு, நம்மிடம் இல்லாத கோட்டையா என்று எங்கள் ஊர் ராஜகிரி மலைக்கோட்டையையே வைத்துக்கொண்டேன். அதிலிருந்துதான் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை நடுவாரத்தில் யாராவது மலையேறிச் சரிபார்த்துவிட்டு வருவான். படி எத்தனை, எந்த வாசல் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம். ஒருதடவைகூட நான் மாட்டவில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜகபருடைய திருடன் காவலுக்குப் பயந்து நெல் களஞ்சியத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அங்கே பாறையில் ஒரு பிளவு உண்டு, நிஜமாகவே உண்டு. ஆனால் அதற்குள் நான் தலையை நீட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"பிளவுக்குள்ள இன்னா இருக்குது மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு டப்பாவில் கைவிட்டான். பத்தொன்பது.

பத்தொன்பது எடுத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வருமா? வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். "எறங்கலாம். ஆறு ஆள் ஆழம். பாறை வழுக்கும், செருப்போட எறங்க முடியாது. கீழ தண்ணி சத்தம் கேக்குது."

"நெசமாவா?" என்றான் ஜகபர். அது திருடன் கேட்ட கேள்வி இல்லை, அவனே கேட்டது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"போய்த்தான் பாரேன்" என்றேன்.

வியாழக்கிழமை போனான். சனிக்கிழமை ஆடு மேய்க்கிறவர்கள் பிளவுக்குள் அவன் உடம்பைப் பார்த்துச் சொன்னார்கள். பிளவின் வாயில் செருப்பு இரண்டும் ஜோடியாக இருந்தன. ஒரு செருப்புக்குள் அவனுடைய கைக்கடிகாரம். கடிகாரக்காரன் இல்லையா, பாறையில் கீறல் விழும் என்று கழற்றி வைத்திருக்கிறான்.

ஊர் வேறு மாதிரி பேசியது. "செருப்பக் கழட்டி, வாட்ச கழட்டி வெச்சிட்டுப் போறவன் வேற எதுக்குப் போவான்?" என்றது டீக்கடை. காதல் தோல்வி என்றார்கள், வயிற்றுவலி என்றார்கள். ஒருத்தராவது கால் தவறியது என்று சொல்ல வேண்டுமே, ஊஹூம். நான் பக்கத்திலேயே நின்று அத்தனையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே டீயையும் குடித்தேன். த்தூ, என்ன ஜென்மம் நான்!

நாற்பது நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தோம். தங்கராசுவின் ஆள் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் மாடிக்கு ஏறினான். மேலே என்ன என்று கேட்டான். "காத்து அடிக்குது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தண்ணி சத்தம் கேக்குது" என்று வந்தது. சரி, நாக்குப் பிசகிவிட்டது என்று விட்டேன். அடுத்த வாரம் வீராசாமி வெடிமருந்துக் கிடங்கின் கதவைத் திறந்தான். தண்ணி சத்தம். மதில்மேல் நின்றான், அப்போதும் அதேதான். நான் சொல்லவில்லை, சத்தியமாக நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

"இன்னா மாஸ்டர், எங்க போனாலும் தண்ணி சத்தமா?" என்று தங்கராசு சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு அவன் மூன்று மணி பஸ்ஸுக்கே போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஆட்டம் இல்லாத நாளிலும் கேட்டது. இருபது மெஷின் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதும் அடியில் அது ஓடிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் குளமெல்லாம் வெடித்துக் கிடந்தது. எனக்கு மட்டும் தண்ணீர் ஓடியது. பயமாக இருந்தது.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜகபருடைய தங்கை முன்னி வந்தாள். என்னிடம் படித்து டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள். கையில் ஒரு கார்பன் காப்பி. அவளுடைய அண்ணனின் திருடனைப் பற்றி நான் அடித்துக்கொடுத்த தாள்.

"அண்ணன் பொட்டியில இருந்துச்சு. நம்ம மூணாம் நம்பர் மெஷின்ல அடிச்சதுதானே?" என்றபடி அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கடைசியா எங்க நின்னுச்சு, இந்தத் திருடன்?"

தங்கராசுவும் வீராசாமியும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"களஞ்சியத்துக்குப் பின்னால" என்றேன்.

"அப்ப நான் அங்க நிக்கிறேன். செருப்பக் கழட்டணுமா மாஸ்டர்?"

"கழட்டணும்னு நான்தான் சொன்னேன்."

"உள்ள இன்னா இருக்குது?"

வாயில் அந்தத் தண்ணி சத்தம் வந்து நின்றது. பல்லைக் கடித்து அடக்கினேன். "ஒண்ணும் இல்லம்மா. பொய். வாய்க்கு வந்தத சொன்னேன். நெசமான்னு உங்க அண்ணன் கேட்டான். போய்ப் பாருன்னு சொல்லி அனுப்பினதே நான்தான்."

அவள் என்னை அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே, "அப்ப பாக்கத்தான் போச்சு. சாவப் போகல. எங்க அண்ணன் சாவப் போகல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எழுந்திருங்க மாஸ்டர். எங்க அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும்."

மட்ட மத்தியான வெயிலில் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். டீக்கடை முழுக்க எங்களைப் பார்த்தது.

அம்மா அசீசுன்னிசா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். பிளவு, பத்தொன்பது, செருப்பு, போய்ப் பாரேன் என்றது, டீக்கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. சொல்லி முடிக்கும்வரை அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தார்.

"மூணு மாசமா எம் புள்ளைக்கு துவா கேக்கவே பயந்துட்டேன்டி" என்றார் அவளிடம். "தானா உசுர விட்டவனுக்கு இன்னா கேக்குறதுன்னு பயந்துட்டேன்."

தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். முன்னியும் பக்கத்தில் உட்கார்ந்து கையேந்தினாள். வெகுநேரம் கேட்டார்கள். அடுத்தது எனக்குச் சாபம்தான் என்று நான் வாசல்பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றேன்.

முடித்துக் கைகளை முகத்தில் தடவிக்கொண்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை தொழுக விட்டதும் பள்ளிவாசலுக்கு வா. ஜமாத்துல எல்லார் முன்னாலயும் இத அப்படியே சொல்லு."

"சரிம்மா."

"டீக்கடைல நின்னும் சொல்லு."

"சொல்றேன்மா."

"சொல்லிட்டு, அதுக்கப்புறம் என் கண்ணு முன்னால வராத."

அதற்கும் சரி என்றேன்.