மூக்கடைப்போடு கொழும்புக்கு

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் நான் கீழக்கரையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஹமீது சுல்தான் கொழும்பில் கடை வைத்து அங்கேயே இருந்தார்; வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவார். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். ஆண்கள் சிலோனில் சம்பாதிப்பார்கள், பெண்கள் ஊரில் வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

"பத்து நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் ஹபீபா. பிளேன்ல காது வலிக்குமாம். அழுது என் மானத்த வாங்கினியோ, அடுத்த பிளேன்லயே திருப்பி ஏத்திவிட்டுருவேன். அப்புறம் கொழும்புன்னு வாயத் திறக்கக் கூடாது" என்றார். இத்தனைக்கும் அவரும் அதுவரை கப்பலில் போனவர்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டும் அடைத்து, புருவத்துக்கு மேலே விண்விண்ணென்று தெறித்தது. "இந்த மூக்கோட ஏறினா காது கிழிஞ்சிரும் புள்ள, பேசாம இங்கனயே இரு" என்றார் என் மாமியார் தாஜுன்னிசா. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

நான் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தேன். "கிழிஞ்சா கிழியட்டும் மாமி. கொழும்புல போய்த் தச்சுக்கிறேன்."

திருச்சியில் பிளேன் ஏறினோம். பணிப்பெண் தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டு வந்தாள். "மிட்டாயச் சப்பி எச்சில முழுங்கிக்கிட்டே இருங்க. காது அடைச்சா வாய மூடி, மூக்கப் பொத்தி, மெதுவா ஊதுங்க" என்றாள்.

"மிட்டாய் சப்ப நான் என்ன பச்சப்புள்ளயா?" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பங்கையும் நானே அள்ளிக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் உயிர் போயிற்று. காதுக்குள் கம்பியைச் செருகித் திருகின மாதிரி வலி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பட்டியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு மிட்டாயைக் கடித்தேன், விழுங்கினேன், மூக்கைப் பொத்தி ஊதினேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வெளியே விடவில்லை. செத்தாலும் விட்டிருக்க மாட்டேன். கடைசியில் ஒருவழியாகக் காது திறந்தது.

"யா அல்லா!" என்று பக்கத்தில் ஓர் அலறல். என் வீட்டுக்காரர்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். முன் வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. "மச்சான், மூக்கப் பொத்தி ஊதுங்க" என்றேன். அதற்குள் அவருக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

கொழும்பில் இறங்கி வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். "விசாவில மூண்டு மாசம் இருக்கு. அம்மா எத்தினை நாள் நிக்கப் போறா?" என்று இவரிடம் கேட்டார்.

இவர் காதருகே கையைக் குவித்து, "என்ன? என்ன?" என்றார்.

அந்நிய ஆணிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "மூணு மாசம்."

அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டார்.

வெளியே வந்ததும், "என்ன கேட்டாரு?" என்றார் இவர்.

"எத்தன நாள் இருப்பேன்னு கேட்டாரு. மூணு மாசம்னு சொல்லிட்டேன்" என்று அவர் காதில் கத்தினேன்.

"பத்து நாள்னுல்ல பேச்சு!"

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கட்டும் என்றே சொன்னேன்: "வருஷா வருஷம் நீங்க வந்து மூணு மாசம் இருந்துட்டுப் போறீங்க. இந்த வருஷம் நான் வந்திருக்கேன்."