திரைக்கு அளவெடுத்தவள்

வழிபாட்டுக் கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் திரையைத் தைத்தது தையலக்காதான். திரைக்கு முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். பெண் குரல் முன்பக்கம் கேட்டுவிட்டால் பிரார்த்தனை மேலே போகாமல் பாதி வழியில் நின்றுவிடும் என்பது கூடத்தின் நம்பிக்கை. இறைவனுக்கு அவ்வளவு சீக்கிரம் கவனம் சிதறும் என்ற விஷயம் நிர்வாகக் குழுவுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை. கனமான துணியில், உள்துணி கொடுத்து, தரையைத் தொடுகிற மாதிரி தைக்கச் சொன்னார்கள். தைத்தாள். சிமெண்டுக் கடை வைத்திருக்கும் தலைவர், "ஈ கூட நுழையாது" என்று திரையைத் தட்டிப் பார்த்துப் பாராட்டினார்.

பெருக்க, ஒட்டடை அடிக்க, அளவெடுக்க மட்டும் பெண்கள் முன்பக்கம் போகலாம். கையில் விளக்குமாறோ அளவு நாடாவோ இருந்தால் அவள் பெண் என்பது கணக்கில் வராது.

தையலக்காவுக்கு ஒரே மகள். குச்சி மாதிரி உடம்பு, குத்துகிற மாதிரி பேச்சு. அதனால் தெருவே அவளை ஊசி என்றுதான் கூப்பிட்டது. அவளும் பெயரைக் காப்பாற்றுகிறவள் போல நர்ஸ் வேலைக்குப் படித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே பார்த்துக்கொண்ட நோயாளிகளில் யாரிடமிருந்தோ ஒரு காய்ச்சலை வாங்கிக்கொண்டாள். அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். இவள் எழவில்லை.

தலைவரும் மதகுருவும் துக்கம் கேட்க வந்தார்கள். முன்னறைதான் தையல் கடை. மிஷினில் பாதி தைத்த சட்டை ஒன்று ஊசிக்கு அடியில் அப்படியே கிடந்தது. தலைவர், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்தார்.

"ஒப்படைக்க வீட்டு ஆம்பளை ஒருத்தர் வேணுமேம்மா," என்றார்.

இறந்தவரைக் கூடத்தில் கிடத்தி, இவர் எப்படிப்பட்டவர் என்று நாலு வார்த்தை சொல்லி, கடைசியில் "இவரை நான் வளர்த்தேன், இப்போது ஒப்படைக்கிறேன்" என்று வீட்டு ஆண் ஒருவர் சொல்ல வேண்டும். அது சொல்லப்படாமல் யாரும் இங்கிருந்து போக முடியாது.

"இந்த வீட்டுல ஆம்பளைன்னா அதோ, அந்தப் பொம்மைதான்," என்று பக்கத்து வீட்டு அக்கா மூலையில் சட்டை மாட்டி நின்ற பொம்மையைக் காட்டினாள். "அதுக்குத் தலை கிடையாது. உங்க குழுவுல அதை ஒரு குறையா எடுத்துக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்."

"நானே சொல்றேங்க," என்றாள் தையலக்கா. "நான்தானே வளர்த்தேன்."

மதகுரு கண்ணை மூடி, நிதானமாகத் திறந்தார். "தாயோட குரல் ரொம்ப உயர்ந்ததும்மா. அதைப் பொது இடத்துல செலவு பண்ணக் கூடாது."

உயர்ந்ததை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை.

"பெத்த தகப்பன் உயிரோடதானே இருக்கார்?" என்றார் தலைவர்.

இருந்தார். ஊசிக்குப் பால் பல் விழுவதற்கு முன்பே கிளம்பிப் போனவர். ஊரின் மறு கோடியில் டயர் கடையும் வேறொரு குடும்பமுமாக இருந்தார். குழந்தைக்கு எலும்பு முறிந்தபோதும், பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்துக் கேட்டபோதும் யாராலும் கண்டுபிடிக்க முடியாத மனிதரை, குழு அன்று ஒரு ஃபோனில் கண்டுபிடித்தது.

தேய்த்த சட்டையில் வந்தார். கூடத்தின் பக்கவாசலில் தையலக்கா அவரை நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 'நான் வளர்த்தேன்'னு சொல்லாதீங்க. 'இவ அம்மா வளர்த்தா'ன்னு சொல்லுங்க. இத்தனை வருஷத்துல நான் உங்களைக் கேக்கறது இது ஒண்ணுதான்."

"சரி," என்றார். உடனே சொன்னார். தயங்கியிருந்தால்கூட அவளுக்கு நம்பிக்கை வந்திருக்கும். "ஆனா மத்தது எதுவும் எனக்குத் தெரியாதே. அவ என்ன பண்ணிட்டிருந்தா?"

"திரையை ஒட்டி நில்லுங்க. நான் எடுத்துக் கொடுக்கறேன்."

அப்படியே நடந்தது. அவள் துணியில் வாயை வைத்துத் தணிந்த குரலில் சொன்னாள். அவர் கூடத்துக்குச் சொன்னார்.

"இவ நர்ஸா இருந்தா."

"இவள் நர்ஸாக இருந்தாள்."

"வலிக்காம ஊசி போடுவா. பயப்படுறவங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டே போடுவா."

"கதை சொல்வாள்."

"கோபம் சட்டுனு வரும், சட்டுனு போயிடும். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"கோபம் வரும், போய்விடும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்," என்றார் அவர், கூடத்தைப் பார்த்து.

ஆண்கள் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிச் சிரிப்பை மறைத்தார். பெண்கள் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஊசி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதே மாதிரி நடித்துக் காட்டியிருப்பாள். அது தோன்றியதும் தையலக்கா எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மதகுரு கையை உயர்த்தினார். ஒப்படைக்கும் நேரம்.

அவள் மறுபடி துணியில் வாயை வைத்தாள். "இவளை இவ அம்மா வளர்த்தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் தலைவர், தலைவருக்குப் பக்கத்தில் மாவுமில்காரர், அவருக்குப் பக்கத்தில் இன்னும் பெரிய மனிதர்கள். எல்லோரும் ஒரு தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு தகப்பனாக இருந்துவிடலாம் என்று பட்டிருக்க வேண்டும்.

"இவளை நான் வளர்த்தேன்," என்றார். குரல் உடைந்தது. "இப்போது ஒப்படைக்கிறேன்."

"இல்ல! நான் வளர்த்தேன்!"

உள்துணி கொடுத்த திரையைத் தாண்டி அது போயிற்று. மதகுரு உடனே இன்னும் உரத்த குரலில் பிரார்த்தனையைத் தொடங்கினார். ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஊசியைத் தூக்கினார்கள். அவளை வளர்த்தவர் டயர் கடைக்காரர் என்ற தகவலோடு அவள் போனாள்.

அவரைச் சுற்றி நின்று, கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். "பாசத்தைப் பார்த்தீங்களா, நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்திருக்கார்," என்றார் மாவுமில்காரர். அத்தனை வருஷமும் வெளியே எடுக்காமல் வைத்திருந்ததால் புதுசாகவே இருந்தது போலும்.

போகும்போது டயர் கடைக்காரர் பக்கவாசலில் தையலக்காவிடம் தலை குனிந்து, "எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க. வாய் வரல," என்றார்.

"யாரும் பார்க்காதப்பவும் வரலியே," என்றாள்.

சில நாள் கழித்துத் தலைவர் ஆள் விட்டார். குழு கூடி ஆலோசித்ததாம். அன்று நடந்ததற்கு யார் மேலும் வருத்தம் இல்லையாம், பெற்ற மனமாம். குற்றம் துணியின் மேல்தான். திரை நைந்துவிட்டது, இன்னும் கனமாக ஒன்று வேண்டும்.

"மாட்டேன்னு சொல்லு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "இல்லன்னா அவங்க வாய்க்குச் சேர்த்து ஒண்ணு தைச்சுக் கொடு."

தையலக்கா எழுந்தாள். நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் யாரும் இல்லை. தலைவர் மட்டும் வாசலில் நின்று சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். கையில் நாடா இருந்ததால் அவள் முன்பக்கம் போனாள். அகலம் எடுத்தாள், உயரம் எடுத்தாள். பிறகு மகளைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நேராக, அன்று டயர் கடைக்காரர் நின்ற இடத்தில் நின்றாள். கழுவிய தரை பளபளவென்று இருந்தது.

"இவளை நான் வளர்த்தேன்," என்றாள், சாதாரணக் குரலில். "நான் இன்னும் ஒப்படைக்கல."

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் தலைவர் வாசலிலிருந்து.

"துணி இன்னும் அதிகமா வேணும்னேன்," என்று நாடாவைச் சுருட்டினாள்.