மூன்று ஊருக்கும் ரெண்டு ரூம்

சங்கமித்ராவுக்கு வெளிநாடு பார்க்க வேண்டும் என்று பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கதவு. தாழ்ப்பாள் போட்டால் உள்ளே அவளும் அவள் புருஷன் பகலவனும் மட்டும் இருக்கும்படியான ஒரு கதவு. வியாசர்பாடியில் அது கிடைக்காது என்று இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நன்றாகவே தெரிந்துபோயிருந்தது. அதனால்தான் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர் என்று மூன்று ஊருக்கு ஐந்து ராத்திரிப் பயணம் ஒன்று போட்டாள். மகள் அம்மு காலேஜ் முடிப்பதற்குள் ஒரு தடவை குடும்பத்தோடு போய் வந்துவிடலாம் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். சீட்டு கட்டி எடுத்த பணம் கையில் இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர்களுடையது ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். மாமியார் சொக்கம்மாள் கட்டிலில். மகள் அம்மு கட்டிலுக்குக் கீழே. பீரோவை ஒட்டி இவர்கள் இருவரும். முன்பு கொழுந்தனும் இருந்தான். அவன் கல்யாணமாகி எண்ணூர் போனதும் அந்த இடத்துக்கு வாஷிங் மெஷின் குடிவந்துவிட்டது. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்று சொல்லிவைத்த மகராசன் யாரோ, அவனும் ஒற்றை ரூம் வீட்டில்தான் குடியிருந்திருப்பான். புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட இவர்கள் தவணை முறையில்தான் போட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பாதி, பஸ் ஸ்டாப்பில் மீதி, பஸ் வந்துவிட்டால் அதுவும் அந்தரத்தில். ஒரு சண்டையையாவது முழுசாகப் போட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, சமாதானம் வரைக்கும் போனார்களா என்றால் இல்லை. மற்ற விஷயங்களைக் கேட்கவே வேண்டாம். அம்மு ஒருத்தி பிறந்ததே அதிசயம்.

அப்படி முடியாமல் நின்ற சண்டைகளில் ஒன்று சங்கமித்ராவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பகலவனுக்கு ரயில்வேயில் வேலை, பேசின் பிரிட்ஜ் யார்டில். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், அவனோடு வேலை பார்க்கும் ஃப்ரெடியின் மனைவி ஜெஸ்லின் இவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, வெள்ளந்தியாக ஒரு விஷயம் சொன்னாள். "நீங்க வேணான்னு எழுதிக் குடுத்த ராயபுரம் குவார்ட்டர்ஸ்தான் அக்கா எங்களுக்கு வந்துச்சி. ரெண்டு ரூமு, நல்லா காத்து வருது." வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்களா? அப்படி ஒன்று வந்ததே சங்கமித்ராவுக்குத் தெரியாது. அன்றைக்கு இலையில் இருந்த பாயசம் அப்படியே கிடந்தது. ஏன் வேண்டாம் என்றாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று புருஷனைக் கேட்க வேண்டும். கத்திக் கேட்க வேண்டும். இதை மாடிப்படியில் நின்று கிசுகிசுப்பாகக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மாமியார் காதில் விழும்படி கேட்டால் வீடு இரண்டுபடும். ஆகவே எட்டு வருஷமாகக் கேட்காமலே இருந்தாள். மூடிய கதவு ஒன்று கிடைக்கட்டும் என்று இருந்தாள்.

விசா வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ராயபுரத்தில், கப்பலேறும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஆபீஸில் பதினாறு வருஷ அனுபவம். ஒரு தாள் குறைந்தால் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்து வெயில் காயும் என்று அறிந்தவள், நாலு பேருக்கு சிங்கப்பூர் விசா படிவம் நிரப்பத் திணறுவாளா? மலேசியாவுக்கு விசாவே வேண்டாம். கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஆன்லைனில் ஒரு வருகை அட்டை போட்டால் ஆயிற்று. சொக்கம்மாளின் போட்டோதான் கொஞ்சம் படுத்தியது. சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யானைக்கவுனி விசா ஏஜென்ட் கோதண்டம் போன் செய்தார்.

"மேடம், திங்கக்கெழம காலைல ஃபைலு உள்ள போயாவணும். ஓட்டல் புக்கிங் எங்க? எந்த ரூம்ல யாரு யாருன்னு பேரு போட்டு வேணும். சார் ரயில்வேன்னீங்களே, ஆபீஸ்ல தடையில்லன்னு லெட்டர் குடுத்திருப்பாங்க, அதுல ஒரு காப்பி வைங்க."

அன்று சாயங்காலம் அம்மு போனில் ஹோட்டல் தேடினாள். கட்டிலில் சொக்கம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பகலவன் தரையில் உட்கார்ந்து டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.

"ம்மா, தோ பாரேன். ஃபேமிலி ரூமாம், நாலு பேரு தங்கலாமாம்," என்றாள் அம்மு.

"ரெண்டு ரூம் பாரு," என்றாள் சங்கமித்ரா.

சொக்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னாத்துக்குமா ரெண்டு? ஒரு பாயி எட்தாந்தா நான் கீழ படுத்துக்கறேன்."

"ஓட்டல்ல பாயெல்லாம் விரிக்க வுட மாட்டாங்க அத்தே."

"அப்ப அது இன்னா ஓட்டலு? நாலு பேரும் ஒண்ணா கெடந்தாத்தான ஊருக்குப் போன மேறி இருக்கும். ஆளுக்கொரு பக்கம் படுக்கறதுக்கா ப்ளேன் ஏறிப் போறோம்?"

சங்கமித்ரா புருஷனைப் பார்த்தாள். அவன் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் போட்டான். இரண்டு பேட்டரிக்கு அவ்வளவு நேரம் எந்த மடையனுக்கும் ஆகாது.

"அம்மா சொல்றதும் கரீட்டுதான மித்ரா," என்றான் கடைசியில். "நாலு பேரும் ஒரே ரூம்ல இருந்தா ஜாலியாத்தான் இருக்கும்."

ஜாலியாம் ஜாலி. "செரி, நாளைக்கு ஆபீஸ்லயே நானே பாத்து போட்டுக்கறேன். நீ ரெண்டு மணிக்கு வந்து விசா ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டு சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அந்த வீட்டில் அழுவதற்கு அது ஒன்றுதான் வழி.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் ஆபீஸ். முதலாளி சுப்பராயன் ஒரு மணிக்குச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். கோதண்டம் கேட்ட கடிதத்தை ஸ்கேன் செய்வதற்காகப் பகலவனின் வேலைப் பேப்பர்கள் இருந்த பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்தாள். அந்தக் கடிதம் மேலேயே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பேப்பரோடு பிழைப்பவள் கை சும்மா இருக்குமா? அடியில் இருந்த பழைய தாள்களையும் புரட்டினாள். பதினொரு வருஷத்துக்கு முந்திய தேதி, ஆபீஸ் சீல், பகலவனின் கோணல் கையெழுத்து, ஆங்கிலத்தில் நாலு வரி. ராயபுரத்தில் ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸ் தனக்கு வேண்டாம். தன் மனைவிக்கு அங்கே குடிவர விருப்பமில்லை.

இரண்டாம் தடவையும் படித்தாள். வேண்டாம் என்று சொன்னதோடு விடாமல் பழியையும் இவள் தலையில் போட்டிருக்கிறான்.

இரண்டு மணிக்குப் பகலவன் வந்தான். கையில் பார்சல் டீ.

"எங்க கையெழுத்து போடணும்?"

"மொதல்ல இத்த படி."

படித்தான். படித்துவிட்டு, நின்ற இடத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான்.

"எனக்கு விருப்பமில்லன்னு யாருய்யா சொன்னது?" என்றாள் சங்கமித்ரா. தன் குரல் இவ்வளவு பெரிசாக வரும் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், மாமியாரின் கட்டிலிலிருந்து ஒரு இருமல் வருகிறதா என்று காது கொடுத்தாள். வெளியே டிரெய்லர் லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இருமுவதற்கு அங்கே யாரும் இல்லை. இன்னும் சத்தமாகக் கத்தினாள். "யோவ், உன்னத்தான கேக்கறேன்! எட்டு வருசமா ஜெஸ்லின் மூஞ்ச பாக்க முடியாம திரிஞ்சிகினு கீறேன். ரெண்டு ரூமுய்யா அது. ரெண்டு! என் பேர எழுதி வேணான்னு குடுத்துட்டு வந்து, பதினோரு வருசம் என் பக்கத்துலயே எப்டிய்யா படுத்துகினு இருந்த?"

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. "நீதான் சொன்ன," என்றான்.

"நானா? எப்போ?"

"அப்பா படத்திறப்பு அன்னிக்கு."

அவள் ஞாபகத்துக்கு அது உடனே வந்துவிட்டது. மாமனார் நீலமேகத்தின் படத்தைத் திறந்துவைத்து, புத்த வந்தனம் சொல்லி முடிந்த மத்தியானம். ரூம் கொள்ளாமல் சொந்தக்காரர்கள். சொக்கம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள், நான் நாதியற்றுக் கிடப்பேன் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். எந்த அரண்மனையைக் கொடுத்தாலும் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் அத்தே என்று இவளும் அழுதபடி சொன்னாள். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். அதைக் கேட்க இவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

"அந்த குவார்ட்டர்ஸ் ஆர்டர மூணு நாளா சட்டப் பைல வெச்சிகினு சுத்திகினு இருந்தேன்," என்றான் பகலவன். "உன்னாண்ட சொல்லணும்னு. அன்னிக்கு வாசப்படிலதான் நின்னுகினு இருந்தேன். நீ சொன்னத்த கேட்டேன். செரி, அவளுக்கே வேணாம்னு கீது போலன்னு மறுநாளு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா இன்னி வரிக்கும் ஒண்ணு எனக்குத் தெர்ல மித்ரா. அன்னிக்கு அத்த நீ எனக்கு சொன்னியா, எங்கம்மாவுக்கு சொன்னியா?"

எட்டு வருஷமாகக் கேள்வி தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள். அவனிடமும் ஒன்று இருந்திருக்கிறது. அதுவும் மூன்று வருஷம் மூத்தது.

"உங்கம்மாவுக்கு," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "உங்கம்மாவுக்குத்தான்யா சொன்னேன். மாருல அட்ச்சிகினு அழுவற பொம்பளகிட்ட வேற இன்னா சொல்வாங்க?"

பகலவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாம்ல?"

"எங்க வெச்சி கேக்கறது?"

அவன் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். சங்கமித்ராவும் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். ரூமில் கேட்டிருக்க முடியாது. சமையல்கட்டுக்குக் கதவு கிடையாது. மாடிப்படியில் எந்நேரமும் யாராவது குடம் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் வைத்து ஒரு வீட்டை முடிவு பண்ண முடியுமா? அவளுக்கு ஓர் இடமும் தோன்றவில்லை. மூடிய கதவுக்குள் வைத்துக் கேட்க வேண்டும் என்று எட்டு வருஷமாக ஒத்திகை பார்த்துவைத்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கில் இருந்து போய்விட்டன. இவ்வளவு காலம் இந்த மனுஷனைக் கள்ளன் என்று மனசுக்குள் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைவிட, அன்றைக்கு முப்பத்திரண்டு வயசில் அந்த நெரிசலில் நின்ற தன்னையும், வாசற்படியில் பையில் காகிதத்தோடு நின்ற அவனையும் நினைத்து துக்கமாக இருந்தது. இரண்டு பேருக்குமே அந்த வீடு வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது.

டீயை இரண்டு கப்பில் ஊற்றினாள். ஆறிப்போயிருந்தது. குடித்தார்கள்.

"அப்ப நேத்து மட்டும் ஒரே ரூம்ல இருந்தா ஜாலின்னு இன்னாத்துக்கு சொன்ன?"

"அங்க வெச்சி வேற இன்னா சொல்ல சொல்ற? அம்மா மூஞ்சையே பாத்துகினு இருந்திச்சி." கப்பை மேஜையில் வைத்தான். "பயமாவும் இருந்திச்சி மித்ரா. ஜெஸ்லின் சொல்லி உனக்குத் தெரியும்னு ஃப்ரெடி எப்பவோ என்னாண்ட சொல்லிட்டான். தனியா ரூமு போட்டா நீ இத்தத்தான் கேப்பன்னு தெரியும்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்தினாள். "கேட்டாச்சி போ. இனிமே ஓட்டல்ல ரெண்டு ரூமு வேணுமா வேணாமா, நீயே சொல்லு."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. வீட்டிலிருந்து. எடுத்ததும் சொக்கம்மாளின் குரல் மேஜைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"ரூமு போட்டாச்சாடா?"

"தோ போடப் போறோம்மா." பகலவன் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டான். "ரெண்டு ரூமு. உனக்கும் அம்முவுக்கும் ஒண்ணு. எனக்கும் மித்ராவுக்கும் ஒண்ணு."

சங்கமித்ரா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இவன் தன் அம்மாவிடம் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

"மூணு ஊர்லயுமா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

"மூணு ஊர்லயும்."

"இன்னாத்துக்குடா?"

அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

"பேசறதுக்கும்மா," என்றான் பகலவன்.